பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் சம்பளக் கணக்கையும் பயணச் செலவையும் படிப்பது எப்படி?

மக்களிடமிருந்து உரிமக் கட்டணமாகவோ வரியாகவோ அரசு மானியமாகவோ வரும் பணத்தில் இயங்கும் ஒளிபரப்பு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு என்ன சம்பளம் தருகிறது, அவர்களை எங்கெங்கே எவ்வளவு செலவில் அனுப்புகிறது என்று கேட்பது, அந்தப் பணத்தைக் கொடுத்த எவருக்கும் உள்ள உரிமை. ஆனால் இந்தக் கேள்வி பெரும்பாலும் இரண்டே செய்திகளில் முடிந்துவிடுகிறது: மிக அதிகச் சம்பளம் பெறும் தொகுப்பாளரின் பெயர் ஒன்று, மிக விலையுயர்ந்த விமானச் சீட்டு மற்றொன்று. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் நிறுவனம் பணத்தை எப்படி ஆள்கிறது என்பதை அவை சொல்வதில்லை. ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவை எடுத்தவர் யார், எந்த விதியின் கீழ் எடுத்தார், தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவை தெரியும் வரை கணக்கைப் படித்து முடித்ததாகக் கொள்ள முடியாது. கீழே விவரிக்கும் வழிமுறை முழுவதும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காகவே.

முதலில் எடுத்துவைக்க வேண்டியவை

ஓர் ஆண்டின் அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகளின் ஆண்டறிக்கைகளையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளையும் சேர்த்து வையுங்கள். வண்ணப் படங்களோடு வரும் முன்பகுதியைவிட, கணக்குகளின் இறுதியில் சிறிய எழுத்தில் வரும் குறிப்புகளே உங்களுக்குத் தேவையானவை. ஊழியர் செலவு, ஓய்வூதியப் பொறுப்பு, உயர் அலுவலர்களின் ஊதியம், பணிவிலகலுக்கான தொகைகள் எல்லாம் அங்கேதான் பிரித்துக் காட்டப்படும்.

அதன் பிறகு, நிறுவனத்துக்கு வெளியே இருந்து அதைச் சோதிப்பவர்கள் எழுதியவற்றைத் தேடுங்கள். பிரிட்டனில் பிபிசியின் செலவுகளைத் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. ஜெர்மனியில் ஒளிபரப்பு நிறுவனங்கள் கேட்கும் தொகை உண்மையில் தேவைதானா என்று சோதித்துக் கட்டணத்தைப் பரிந்துரைக்கத் தனி ஆணையமே இருக்கிறது. இந்தியாவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 1997 நவம்பரில் செயல்படத் தொடங்கிய, தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியின் கணக்குகளை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் தணிக்கை செய்கிறார். நாடாளுமன்ற நிலைக்குழுவும் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையை ஆராய்கிறது. குழுக்களின் முன் அலுவலர்கள் அளிக்கும் வாய்மொழிப் பதில்கள் பல நேரங்களில் ஆண்டறிக்கையைவிட வெளிப்படையாக இருக்கும். ஆண்டறிக்கையில் ஒரே வரியாக நிற்கும் தொகையை உறுப்பினர் ஒருவர் விடாமல் கேட்டுப் பிரித்து வாங்கியிருப்பார்.

ஊழியர் செலவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது

கணக்கில் ‘ஊழியர் செலவு’ என்று ஒரு தலைப்பு இருக்கும். அதை நிறுவனத்தில் உழைப்பவர்களுக்குக் கொடுக்கப்படும் மொத்தப் பணம் என்று எடுத்துக்கொள்வது இத்துறையில் நுழையும் எவரும் செய்யும் முதல் பிழை. நிரந்தர ஊழியர்களின் சம்பளம், படிகள், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு ஆகியவை அந்தத் தலைப்பில் வரும். நிகழ்ச்சி வாரியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் தொகுப்பாளர், ஒரு நாள் அமர்வுக்கு அழைக்கப்படும் அறிவிப்பாளர், நாள் வாடகைக்கு வரும் ஒளிப்பதிவாளர் ஆகியோருக்கான பணம் பெரும்பாலும் நிகழ்ச்சித் தயாரிப்புச் செலவில் கலந்துவிடும். தொகுப்பாளர் தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் பில் அனுப்புகிறவராக இருந்தால், கணக்குப் புத்தகத்தின் பார்வையில் அவர் ஊழியரே அல்லர், சேவை வழங்குபவர். ஆகவே ஊழியர் செலவு குறைந்துவிட்டதாக ஒரு நிறுவனம் அறிவிக்கும்போது, அதே ஆண்டில் தயாரிப்புச் செலவும் வெளிச் சேவைச் செலவும் ஏறியிருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். ஆட்குறைப்பு நடந்து, அதே ஆட்கள் ஒப்பந்தத்தில் திரும்பி வந்திருக்கவும் கூடும்.

அடுத்த கணக்கு, ஒரு பணியிடத்துக்கான சராசரிச் செலவு. இதற்கு ஆண்டின் கடைசி நாளில் இருந்த தலைகளின் எண்ணிக்கை பயன்படாது. பகுதிநேரப் பணியாளர்களை முழுநேரத்துக்கு ஈடாக மாற்றிக் கணக்கிட்ட, ஆண்டு முழுவதற்குமான சராசரி எண்ணிக்கையே வேண்டும். தொடக்கத்தில் நான் ஒரு நிறுவனத்தின் மொத்த ஊழியர் செலவை ஆண்டிறுதி எண்ணிக்கையால் வகுத்து, ஒரே ஆண்டில் சராசரிச் சம்பளம் வெகுவாக உயர்ந்துவிட்டதாக எழுதிவைத்தேன். உண்மையில் அந்த ஆண்டு பலர் பணியிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்குத் தந்த இழப்பீடு செலவில் இருந்தது, அவர்கள் எண்ணிக்கையில் இல்லை. நல்லவேளையாக வெளியிடும் முன் மற்றொருவர் அதைச் சுட்டிக்காட்டினார். அன்றுமுதல், வழக்கமான சம்பளத்தையும் ஒருமுறை மட்டும் வரும் தொகைகளையும் தனித்தனியாகப் பிரிக்காமல் எந்த வகுத்தலையும் நான் செய்வதில்லை.

ஒருமுறை வரும் தொகைகள் இழப்பீட்டோடு நிற்பதில்லை. ஊதியக் குழுவின் பரிந்துரை நடைமுறைக்கு வரும் ஆண்டில் நிலுவைத்தொகை சேர்ந்து சம்பளச் செலவு திடீரெனப் பெருகும். பிரசார் பாரதியில் 2007 அக்டோபர் 5ஆம் தேதிக்கு முன் பணியில் சேர்ந்தவர்கள், 2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால், அயற்பணியில், அதாவது வேறு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட நிலையில் இருக்கும் மத்திய அரசு ஊழியர்களாகவே கருதப்படுகிறார்கள். ஆகவே அரசு ஊதிய உயர்வுகள் அங்கும் எதிரொலிக்கும். 2016 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்ட ஏழாவது ஊதியக் குழுவின் ஊதியத்துக்கான ஆணை அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்பே வந்தது என்பதை அறியாதவர், அந்த ஆண்டின் உயர்வை நிர்வாகத்தின் தாராளமாக எண்ணிவிடுவார். இங்கே முடிவெடுத்தவர் நிறுவனத்துக்கு உள்ளே இல்லை. கேள்வியும் வேறிடத்துக்குப் போக வேண்டும்.

பெயர்ப் பட்டியலைப் படிக்கும் முறை

அதிகச் சம்பளம் பெறுவோரின் பட்டியல் வெளியாகும் நாளில் எல்லோரும் மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். நான் முதலில் தேடுவது, அந்தப் பட்டியலில் யாரெல்லாம் வரமாட்டார்கள் என்று சொல்லும் வரியை. பிபிசி, தன் அமைப்பையும் கடமைகளையும் வகுக்கும் புதிய அரசப் பட்டயத்தின் கட்டாயத்தால், ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேல் பெறும் தொகுப்பாளர், நடிகர் முதலியோரின் பெயர்களை 2017 ஜூலையில் முதன்முறையாக வெளியிட்டது. அதே ஆண்டு தயாரிப்புப் பிரிவு பிபிசி ஸ்டுடியோஸ் என்ற வணிகத் துணை நிறுவனமாகச் செயல்படத் தொடங்கியதால், அதன் வழியாகப் பணம் பெறுவோர் அடுத்த ஆண்டுப் பட்டியல்களில் இடம்பெறவில்லை. வெளித் தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்து பணம் பெறுவோரும் அதில் வருவதில்லை. ஒருவரின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்ததைக் கண்டு அவருடைய சம்பளம் குறைந்துவிட்டது என்று முடிவு செய்வது தவறாகவே முடியும்.

தொகைகள் குறுகிய வரம்புகளாகத் தரப்படுவதும், பல நிகழ்ச்சிகளுக்கான பணம் சேர்ந்து ஒரே எண்ணாக வருவதும் ஒப்பீட்டைக் கடினமாக்குகின்றன. அவ்வாறு இருந்தும் 2017 பட்டியல் பெரிய பயனைத் தந்தது: அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள். முதலிடத்தில் இருந்தவர் 22 லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றார். பெண்களில் முதலிடத்தில் இருந்தவர் பெற்றதோ ஐந்து லட்சத்தை எட்டவில்லை. சில மாதங்களில் பிபிசியின் சீனச் செய்திகளுக்கான ஆசிரியர் கேரி கிரேசி, ஒரே நிலையிலுள்ள ஆண் ஆசிரியர்களுக்கு அதிகமாகத் தரப்படுவதைக் காட்டி 2018 ஜனவரியில் அந்தப் பொறுப்பைத் துறந்தார். பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பிபிசி தொகுப்பாளர் சமீரா அகமது சம ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரியில் தீர்ப்பாயம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுண்டும், அதைப் போன்ற மற்றொரு சிறு நிகழ்ச்சியை நடத்திய ஆணுக்கு 3,000 பவுண்டும் தரப்பட்டிருந்தன. ஆண்டுத் தொகையில் தெரியாத வேறுபாடு ஒரு நிகழ்ச்சிக்கான தொகையாக மாற்றியதும் துலங்கியதைக் கவனியுங்கள். எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும், இயன்றவரை ஒரு நிகழ்ச்சிக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஒரு பணிநாளுக்கு என்ற அலகுக்கு மாற்றிப் பாருங்கள்.

பட்டியலே பொய்யாக இருந்தால் என்ன செய்வது? அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇயில் அதுவே நடந்தது. அதன் மிகப் புகழ்பெற்ற தொகுப்பாளரான ரையன் டப்ரிடிக்குத் தந்த தொகை 2017 முதல் 2022 வரை மொத்தம் 3,45,000 யூரோ குறைத்துக் காட்டப்பட்டிருந்ததை 2023 ஜூனில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வழக்கமான தணிக்கையின்போது தலா 75,000 யூரோவுக்கான இரண்டு பில்கள் கண்ணில் பட்டதிலிருந்தே எல்லாம் வெளிவந்தது. அந்தப் பில்களில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதியிருந்தது. பணம் போனது ஒரு பண்டமாற்றுக் கணக்கிலிருந்து. விற்காத விளம்பர நேரத்தை ஓர் இடைத்தரகரிடம் தந்து, அதற்கு ஈடாகப் பொருளாகவோ சேவையாகவோ பெற்றுக்கொள்வதற்கான கணக்கு அது. தரகரின் பங்கு போக 75,000 யூரோ கிடைக்க, நிறுவனம் சுமார் 1,15,000 யூரோ மதிப்பை இழக்க வேண்டியிருந்தது. தலைமை இயக்குநர் பதவி விலகினார். உரிமக் கட்டணம் செலுத்துவோரின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. இதிலிருந்து வாசகர் கற்க வேண்டிய செய்முறை எளிது. ‘ஆலோசனை’, ‘இதர செலவுகள்’, ‘வணிக மேம்பாடு’ போன்ற பெயருள்ள தலைப்புகளை ஆண்டுவாரியாக எழுதி வையுங்கள். எந்தக் கணக்குக்கு நிர்வாகக் குழுவின் பார்வை எட்டாமல் இருந்தது என்று கேளுங்கள். அங்கே குறை தனியொருவரின் சம்பளத்தில் மட்டும் இல்லை. அதை அறிய வேண்டியவர்கள் அறியாதபடி அமைந்திருந்த ஏற்பாட்டில் இருந்தது.

பதவியை விட்டுப் போகும்போது தரப்படுவது

சேரும்போது தரும் சம்பளத்தைவிட, விலகும்போது தரும் பணத்தில் பொதுப்பணம் அதிகம் கசிகிறது என்பது என் கருத்து. ஏனெனில் அங்கே இரு தரப்பும் விரைவாக முடித்துக்கொள்ளவே விரும்புகின்றன. 2012 டிசம்பர் வரையிலான மூன்று ஆண்டுகளில் பிபிசி 150 மூத்த மேலாளர்களுக்கு 2.5 கோடி பவுண்டு வழங்கியதையும், ஆராய்ந்த 60 நேர்வுகளில் 14 பேருக்கு ஒப்பந்தப்படி உரியதைவிட அதிகம் தந்திருந்ததையும் தேசியத் தணிக்கை அலுவலகம் 2013இல் வெளியிட்டது. 54 நாள்கள் மட்டுமே தலைமை இயக்குநராக இருந்த ஜார்ஜ் என்ட்விசில் 4,50,000 பவுண்டு பெற்றார். ஒப்பந்தம் தந்த உரிமையைப் போல் அது இரு மடங்கு. அதற்கு ஒப்புதல் தந்தது, நிர்வாகத்தைக் கண்காணிக்க வேண்டிய மேற்பார்வை அமைப்பான பிபிசி அறக்கட்டளையே. பின்னர் இத்தகைய தொகைக்கு 1,50,000 பவுண்டு உச்சவரம்பு வந்தது. ஆகவே ஒவ்வொரு விலகலுக்கும் மூன்றை ஒப்பிடுங்கள்: ஒப்பந்தம் தரும் தொகை, உண்மையில் தந்த தொகை, இடைவெளிக்கு ஒப்புதல் அளித்த கையெழுத்து.

பயணச் செலவு

இங்கே நிதானம் தேவை. செய்தி சேகரிக்கும் பயணமும் நிர்வாகத்தின் பயணமும் ஒரே தலைப்பில் வந்தாலும் அவை வெவ்வேறு தன்மையுடையவை. போர் நடக்கும் இடத்துக்குப் போகும் நிருபருக்குக் குண்டு துளைக்காத வண்டி, பாதுகாப்பு ஆலோசகர், உள்ளூர் உதவியாளர், உயர் காப்பீடு, செயற்கைக்கோள் இணைப்பு, கருவிகளுக்கான கூடுதல் சுமைக் கட்டணம் எல்லாம் வேண்டும். அந்தச் செலவைக் குறைத்தால் குறைவது ஆடம்பரம் அல்ல. மனித உயிருக்கான பாதுகாப்பும், நேரில் பார்த்து எழுதும் செய்தியும். அதிகாலை ஒலிபரப்புக்கு வரும் ஊழியர்களுக்கான டாக்சி செலவும் அவ்வாறே. பேருந்து ஓடாத வேளையில் பணிக்கு வரச் சொன்னால், வண்டி அனுப்புவது நிறுவனத்தின் கடமை.

எண்ணிக்கை மட்டும் எதையும் நிறுவாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு பிபிசி 437 பேரை அனுப்பியது, பிரிட்டனின் விளையாட்டு வீரர்களைவிட அதிகம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. வீரர்களின் எண்ணிக்கைக்கும் ஒலிபரப்பாளர்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை. கேட்டிருக்க வேண்டியது, வானொலியும் தொலைக்காட்சியும் இணையமும் ஒரே பணியைத் தனித்தனி ஆட்களைக் கொண்டு செய்தனவா, எத்தனை மணி நேர ஒளிபரப்பு கிடைத்தது, இங்கிருந்தே செய்திருக்கக்கூடிய பணிக்கு எத்தனை பேர் போனார்கள் என்பவையே. பெரிய நிகழ்வு எதுவாயினும், மொத்தச் செலவை ஆள் எண்ணிக்கையாலும் நாள்களாலும் வகுத்து, ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கான செலவைக் கண்டுபிடித்து, அதே நிறுவனத்தின் முந்தைய ஆண்டு நிகழ்வோடு ஒப்பிடுங்கள்.

நிர்வாகத்தின் பயணத்துக்கு வேறு அளவுகோல் உண்டு. பிபிசி 2009 முதல் மூத்த அலுவலர்களின் செலவுகளை வெளியிடத் தொடங்கியது. இப்போது பல நிறுவனங்கள் காலாண்டுதோறும் அவ்வாறு செய்கின்றன. அந்தப் பட்டியலைத் தேதி, நோக்கம், வழித்தடம், வகுப்பு, தங்கிய இரவுகள், உடன் சென்றவர்கள், தொகை என்ற பத்திகளில் நீங்களே மறுபடி எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதும்போதுதான் ஒழுங்குகள் புலப்படும். வேலை ஒரு நாள், தங்கல் நான்கு இரவு. பயணத்துக்கு முந்தின நாள் வாங்கிய சீட்டுகளே மீண்டும் மீண்டும். நோக்கம் என்ற பத்தியில் ‘கூட்டம்’ என்ற ஒரே சொல். இவற்றில் எதுவும் குற்றம் அல்ல. ஒவ்வொன்றும் கேட்பதற்குரிய கேள்வி.

படியும் உண்மைச் செலவும் இரட்டிப்பாக வருகின்றனவா என்று தவறாமல் பாருங்கள். கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் தலைவர் ஊபேர் லக்ருவா, ஒட்டாவாவில் தங்குவதற்கெனப் படி பெற்றுக்கொண்டிருந்தபோதே அங்கே தங்கிய, உண்ட செலவுகளையும் தனியாகப் பெற்றிருந்தார். 30,000 கனடிய டாலருக்குச் சற்றுக் குறைவான அந்தத் தொகையை அவர் திருப்பிச் செலுத்திய செய்தி 2014இல் வெளியானது. அதை ஒரு பிழை என்றே அவர் விளக்கினார். பில்கள் அனைத்தும் உண்மையானவை, ரசீதும் இருந்தது. ஊதிய ஒப்பந்தத்தையும் செலவுப் பட்டியலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் இது தெரியும். சம்பளத்தையும் பயணத்தையும் ஒரே கட்டுரையில் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணமும் அதுவே.

ஜெர்மனியில் பெர்லின்-பிராண்டன்பர்க் வட்டாரத்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்பிபியிலும் இவ்விரண்டும் பின்னியே வந்தன. அதன் தலைவர் பட்ரிசியா ஷ்லேசிங்கரின் சம்பளம் 16 சதவீதம் உயர்ந்து சுமார் 3,03,000 யூரோ ஆனது, உயர்தர அலுவலக வண்டி, வீட்டில் நடந்த விருந்துகளை நிறுவனக் கணக்கில் எழுதியது, அலுவலகத் தளத்தைப் புதுப்பித்த செலவு எனக் குற்றச்சாட்டுகள் தொடர்ந்து எழ, 2022 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். தவறு செய்யவில்லை என்பது அவருடைய தரப்பு. வீடுகள்தோறும் மாதம் 18.36 யூரோ கட்டாயமாகச் செலுத்தும் நாட்டில் அது மற்ற நிலையங்களின் நம்பகத்தன்மையையும் பாதித்தது. அன்று எழுந்த கேள்விகளில் என் கவனத்தில் நின்றது ஒன்று: மேற்பார்வைக் குழுவின் தலைவர் அந்த முடிவுகளை ஏன் மறுக்கவில்லை?

கேட்பதும் எழுதுவதும்

வெளியிடப்பட்டவை போதாதபோது தகவல் கேட்டு விண்ணப்பியுங்கள். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி காரணம் கூறத் தேவையில்லை, 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். அலுவலர்களின் மாத ஊதியத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 20 பணிநாள்கள் கெடு. ஆனால் இதழியல், கலை, இலக்கிய நோக்கத்துக்காக வைத்திருக்கும் தகவலைப் பிபிசி தர மறுக்கலாம், எனவே நிகழ்ச்சியோடு ஒட்டிய செலவைக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. நிர்வாகச் செலவை மட்டும் பிரித்துக் கேளுங்கள். ‘வீண் செலவுகள் யாவை?’ என்று கேட்டால் எவராலும் பதில் தர இயலாது. ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன நிலைக்கு மேற்பட்ட அலுவலர்களின் வெளிநாட்டுப் பயணங்கள், ஒவ்வொன்றின் நோக்கம், வகுப்பு, தொகை, ஒப்புதல் அளித்த பதவி’ என்று கேட்டால் அது ஆவணமாகவே இருக்கும். ஒப்புதல் அளித்தவரின் பதவியைக் கேட்க மறக்காதீர்கள். பெயர் தர மறுப்பார்கள், பதவியை மறுப்பது கடினம்.

கீழ்நிலை ஊழியர்களின் பெயரையோ தனி விவரங்களையோ தேட வேண்டாம். நாள் கூலிக்கு ஒலிப்பதிவு செய்பவரின் உணவுப் படியைப் பொதுவில் வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு நாடுகளின் நிறுவனங்களை ஒப்பிடும் ஆசை எழும். எத்தனை மொழிகளில், எத்தனை நிலையங்களிலிருந்து ஒலிபரப்புகிறது, இசைக்குழுக்களையும் கோபுரங்களையும் தானே பராமரிக்கிறதா, ஓய்வூதியம் யார் பொறுப்பு என்பதெல்லாம் மாறுவதால் அந்த ஒப்பீடு பெரும்பாலும் ஏமாற்றும். அதே நிறுவனத்தின் பத்து ஆண்டுகளைப் பணவீக்கத்தைக் கழித்து ஒப்பிடுவது மேல்.

எழுதியதை வெளியிடும் முன், கணக்கிட்ட முறையையும் எண்களையும் நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் தர நியாயமான அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஆவணத்தின் பக்க எண்ணைச் சேர்த்து அனுப்பினால், மழுப்பலாகப் பதில் சொல்வது அவர்களுக்குக் கடினமாகும், உங்கள் பிழையைத் திருத்துவது எளிதாகும். வரும் பதிலை முழுமையாக வெளியிடுங்கள். ஒப்புதல் யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வராமல் போனால், அந்தக் கேள்வியைத் தேதியிட்டு அப்படியே அச்சிட்டு, அதன் நகலை அடுத்த நிலைக்குழுக் கூட்டத்துக்கு முன்பாக அதன் உறுப்பினர்களுக்கு அனுப்பிவையுங்கள்.